டேக் இல்லாத சேலை

கை மடிச்சுக்கிட்டே இருக்கு. அது பாட்டுக்கு மடிக்குது, அதுக்கு நான் வேணாம். நீளவாக்குல ஒரு மடி, திருப்பி ஒரு மடி, முந்தானை மேல வரணும், டேக் வெளிய தொங்கணும், ஒரு தட்டு, அடுக்கு. அடுத்தது. மணி நாலு இருக்குமா? கடிகாரத்தை மறைச்சுத் தோரணம் கட்டிவச்சிருக்காக, தீபாவளிக்கு முந்துன ஞாயித்துக்கெழமை வேலைக்காரிக மணி பாக்கக்கூடாதுன்னே கட்டுனாகளோ என்னமோ. மூணாவது மாடியில நிக்கிறேன், கீழ தெற்குமாசி வீதியில போலீசுக்காரரு மைக்குல கத்துறது இங்க வரைக்கும் கேக்குது, நகையப் பத்திரமாப் பாத்துக்கங்க, பிள்ளைகள கைய விடாதீக. விட்டாத்தேன் என்ன, இந்தக் கூட்டத்துல பிள்ள எங்கிட்டுப் போகும், நிக்கிற இடத்துலயே நசுங்கி நிக்கும். புதுத்துணி வாசமும் மல்லியப்பூ வாசமும் வேர்வையும் சேந்து ஒரு வாசம் வருது பாருங்க, வருசத்துல இந்த இருவது நாளைக்கு மட்டும் வர்ற வாசம், எனக்கு அது பிடிக்கும், சொன்னா சிரிப்பாக. எம் மகன் சிரிக்கத்தேன் செஞ்சான். "அறுபத்தஞ்சு வயசுல நீ நின்னு சேலை மடிச்சுத்தேன் நம்ம வீட்டுல அடுப்பு எரியணுமா?" எரியணும்னு நான் சொன்னேனா? வீட்டுல யாருகிட்ட பேசுறது? மருமக போனைப் பாக்குறா, மகன் டீவியப் பாக்குறான், நான் செவத்தைப் பாக்குறேன். இங்க வந்தா ஆயிரம் மூஞ்சி. சீசன் ஆளுன்னு எடுப்பாக, மூணு வருசமா வாரேன், மடிக்கிறது மட்டும்தேன் வேல. விக்கிறதெல்லாம் இருளாயி. ஏ அப்பா, அவ விக்கிறதைப் பாக்கணும். கை மடிக்கும், கண்ணு அவளைப் பாக்கும்.

இப்பப் பாருங்க, ஒரே நேரத்துல ஏழு குடும்பம் அவ மேசைக்கு முன்னாடி. ஒருத்தி செவப்பு கேக்குறா, ஒருத்தி செவப்பு வேணாங்குறா, ஒரு ஆளு பொண்டாட்டி தோள்ல சாஞ்சு நின்னுக்கிட்டே தூங்குறாரு. மத்தவளுகளா இருந்தா கத்துவாளுக. இருளாயி கத்தமாட்டா, கூட்டம் கூடக்கூடக் குரலக் கொறைப்பா. என்ன சொல்றான்னு கேக்குறதுக்கே எல்லாரும் குனியணும், குனிஞ்சா சேலை கண்ணுக்குப் பக்கத்துல வந்துரும், வந்தா விடுவாகளா? அவ மூஞ்சியப் பாத்துப் பேசுற மாதிரி இருக்கும், ஆனா பாக்குறது அவுக விரலை. எந்தச் சேலைய ரெண்டாந்தடவ தொடுறாகன்னு. வேணாம்னு தள்ளுவாக, விலை கூடங்குவாக, கட்டம் பெருசுங்குவாக, அவ சரிம்மா சரிம்மாம்பா, ஆனா ரெண்டாந்தடவ தொட்ட சேலைய மட்டும் எங்கிட்ட மடிக்கத் தரவே மாட்டா, முழங்கைக்கு அடியில வச்சிருப்பா. இருவது சேலை விரிச்சப்புறம் மெதுவா அத எடுத்து மேல போடுவா. "ஆ, இது, இதுதேன் நான் கேட்டது!" அப்டிம்பாக. நானும் மூணு வருசமா பாக்குறேன், ஒரு தடவகூடத் தப்புனதில்ல. காலையிலருந்து ஒரு மடக்குத் தண்ணி குடிக்கல அவ. குடிச்சா அஞ்சாவது மாடிக்குப் போகணும், அங்க பொம்பளைகளுக்கு இருக்குறது ரெண்டே கக்கூசு, வரிசை படிவரைக்கும் நிக்கும். ஒரு கிராம்பைக் கடவாயில அதக்கிக்கிருவா, நாக்கு வறளாதுன்னு. ஒரு கால மடக்கி ஒரு கால்ல நிப்பா, அப்புறம் மாத்திக்கிருவா, கொக்கு மாதிரி, மேசைக்கு முன்னால நிக்கிறவுகளுக்குத் தெரியாது, பக்கவாட்டுல நிக்கிற எனக்குத்தேன் தெரியும். பேரை மாத்தச் சொன்னாராம் மேனேஜரு நாகலிங்கம், வேலைக்குச் சேந்த புதுசுல. இருளாயின்னு சட்டையில குத்திக்கிட்டு நின்னா வர்றவுக என்ன நெனப்பாக, ஈஸ்வரின்னு போட்டுக்கன்னு. "எங்க குலசாமி பேரு சார். மாத்துனா சாமி ஒண்ணும் சொல்லாது, எங்க அப்பத்தா இங்க வந்து உங்கள வையும். அது வஞ்சா கடைக்கு ஆகாது"ன்னு சொல்லியிருக்கா. அன்னைக்கிருந்து அந்தப் பேருதேன். இப்ப மூணாவது மாடிக்கே அவள இன்சார்ஜாப் போடப்போறாகன்னு பேச்சு, தீபாவளி கழிச்சு. இந்தக் கடை தெறந்த நாள்லருந்து பொம்பள இன்சார்ஜு கெடையாது, எல்லாம் பேண்டுக்குள்ள சட்டைய விட்ட ஆம்பளைகதேன். இந்த ஞாயித்துக்கெழமை மட்டும் ஒரு வம்பு இல்லாமப் போயிட்டா போதும்னு காலையில எங்கிட்ட சொன்னா. வம்பு என்னத்தா வரப்போகுதுன்னேன் நான்.

அந்தப் பொண்ணு எப்ப வந்துச்சு, மூணரை இருக்கும். உசிலம்பட்டிப் பக்கமாம், பேரு பூங்கொடி, முப்பது வயசு இருக்கும், ஒல்லியா, கையில ஒரு மஞ்சப்பை. எல்லாரும் பையோட வந்து பைய நெப்பிக்கிட்டுப் போவாக, இவ பைக்குள்ள ஏற்கெனவே ஒரு சேலை. எடுத்து மேசையில வச்சா. மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. "அக்கா, இதே மாதிரி ஒண்ணு வேணும். இதே கலரு, இதே கரை. எங்கம்மா சேலைக்கா. போன ஐப்பசியில தவறிட்டாக. வருசம் முடிஞ்சிருச்சு, இந்தத் தீபாவளிக்குப் புதுச் சேலை வச்சுப் படைக்கணும். அவுக ஆசப்பட்டுக் கட்டுனது இது ஒண்ணுதேன், இதுலயே புதுசா வச்சா அவுகளுக்குத் தெரியும்ல?" தெரியும்லன்னு எங்களைக் கேக்குறா, நாங்க என்ன சொல்றது. இருளாயி அந்தச் சேலைய ரெண்டு கையாலயும் எடுத்தா, மத்த சேலைய எடுக்குற மாதிரி இல்ல. "தெரியும்டா. அம்மாவுக்குத் தெரியாமப் போகுமா. இரு, எடுத்துப்போடுறேன்." அலமாரியில மஞ்சள் எத்தன தினுசு இருக்கோ அம்புட்டும் எறங்குச்சு. மஞ்சள் மஞ்சளா மேசையில குமிஞ்சுருச்சு, எலுமிச்ச மஞ்சள், கடுகு மஞ்சள், அரைச்ச மஞ்சள், நடுவுல அந்த அம்மா சேலை. அதுக்குள்ள வலது பக்கம் ஒரு கல்யாணக் கோஷ்டி, இடது பக்கம் ஒரு தல தீபாவளி, எல்லாம் ஒரே மேசை, எல்லாக் கையும் உள்ள வந்துருச்சு. எங்கிட்ட வந்து விழுகுது மலை மாதிரி. மடி, தட்டு, அடுக்கு.

அந்தத் தல தீபாவளிக்காரிய மாமியா கூட்டியாந்திருக்கா, மருமக வாயத் தெறக்கல, மாமியா எடுக்குறது எல்லாத்துக்கும் தலைய ஆட்டுறா. நாங்கல்லாம் கடைக்கே வந்ததில்ல. எங்க காலத்துல சேலை எடுக்க ஆம்பளைகதேன் போவாக. எங்க மாமனாரு இருந்தாரே, மூணு மருமக நாங்க, மூணு பேருக்கும் மூணு தினுசு எடுத்தா சண்ட வந்துரும்னு அவருக்கு ஒரு யோசன, இதே வீதியிலதேன் ஒரு கடையில ஒரே சேலைய மூணா எடுத்துட்டு வந்துட்டாரு. கத்திரிப்பூ கலரு, வெள்ளப் புள்ளி. தீபாவளி அன்னைக்கி மூணு பேரும் குளிச்சுக் கட்டிக்கிட்டு நிக்கிறோம், பேண்டு வாத்தியக்காரக மாதிரி. எங்கூட்டுக்காரரு மில்லுல ராத்திரி ஷிப்டு முடிஞ்சு வந்தாரு, தூக்கக் கலக்கம், அடுப்படியில முதுகு காட்டி நின்னது எங்க மூத்த ஓரகத்தி, இவரு நான்னு நெனச்சு முந்தானையப் பிடிச்சு இழுத்து, "ஏய் தங்கம், பசிக்குதுடி"ன்னாரு. தங்கம்! எம்பேரு தனபாக்கியம், எங்கிட்ட ஒரு நாளும் தங்கம்னு சொன்னதில்ல அந்த மனுசன். இந்தா, இதுல டேக்கக் காணோம், கூடையில போடு. மெத்துன்னு இருக்கே இது. ஓரகத்தி திரும்பிப் பாத்தா பாருங்க ஒரு பார்வ, கையில கரண்டி, இவரு அப்டியே வாசலுக்கு ஓடுனவருதேன், பொழுது சாயத்தேன் வந்தாரு. எனக்கு மூணு நாளு ஒரே எரிச்சல், இழுத்ததுக்கு இல்ல, அந்தத் தங்கத்துக்கு. யாருக்குன்னு வாயில வச்சிருந்தாரு அத? எனக்குத்தேனா? எனக்குன்னா ஏன் எங்கிட்ட சொல்லல? போய்ச் சேந்துட்டாரு, பதினோரு வருசம் ஆச்சு, இன்னும் கேக்கல நான். மடி. தட்டு. மாடிக்கு மாடி சாமான் தூக்குற செல்லையா வந்து கூடையத் தூக்கிட்டுப் போறாரு, டேக் விழுந்த சேலைக்குன்னு மேசைக்கு அடியில ஒரு நீலக்கூடை, அரைமணிக்கு ஒருக்கா கீழ போகும். கீழ ஒருத்தி உக்காந்து தொட்டுப் பாத்துப் புது டேக்கு மாட்டி வாசல் மேசையில கொட்டிருவா. இந்தக் கூட்டத்துல தொட்டும் பாக்கமாட்டா, மாட்டிக்கிட்டே போவா. போகட்டும். காலு கனக்குது. இன்னும் எத்தன

"எங்கம்மா சேலை எங்கக்கா?"

பூங்கொடி. பெருசாக் கத்தல. கேட்டா, அம்புட்டுதேன். இருளாயி கைய மேசையில விட்டுத் துழாவுறா. மஞ்சள் மஞ்சளா எடுத்துப் போடுறா, எலுமிச்ச, கடுகு, இது இல்ல, இது இல்ல. "இருடா, இங்கதேன் இருக்கும்." அலமாரியப் பாக்குறா. அடுக்குனதப் பிரிச்சுப் பாக்குறா. கல்யாணக் கோஷ்டி எடுத்து வச்சத அவுககிட்டயே கேட்டுப் பிரிச்சுப் பாக்குறா. "எங்களுக்கு என்ன பழைய சேலையாம்மா குடுக்கப்பாத்த?"ன்னு அந்தக் கோஷ்டியில ஒரு பெரியம்மா. பூங்கொடி மஞ்சப்பைய நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு நிக்கிறா, பைக்குள்ள ஒண்ணும் இல்ல. என் கை நின்னுபோச்சு. மெத்துன்னு இருந்துச்சே. என்னது மெத்துன்னு இருந்துச்சு? கடைச் சேலை எதுவும் மெத்துன்னு இருக்காது, கஞ்சி போட்டு வெறப்பா இருக்கும், கையக் கீறும். நான் போடல. நான் எதுக்குப் போடுறேன், நான் மடிக்கிறவ. டேக் இல்லாததத்தேன் போட்டேன். அந்த அம்மா சேலைக்கு டேக் எங்க இருக்கும்? இல்ல, அது வேற, அது பச்சையோ என்னமோ. கலரு ஞாபகம் வரலையே. எம் புருசன் தங்கம்னு கூப்பிட்டது ஞாபகம் இருக்கு, நாப்பது வருசத்துக்கு முந்தி கரண்டி எந்தக் கையில இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கு, பத்து நிமிசத்துக்கு முந்தி எங்கையில என்ன இருந்துச்சுன்னு தெரியல. சொன்னா என்ன ஆகும்? கெழவிக்குப் புத்தி நிக்கல, அனுப்பிருங்கம்பாக. அனுப்புனா அந்தச் செவரு. வருசம் பூரா அந்தச் செவத்தப் பாத்துக்கிட்டு ஐப்பசி எப்ப வரும்னு இருக்கேன். சொல்லாட்டி? சொல்லாட்டி அவ மேசை, அவ பொறுப்பு, வம்பு அவளுக்கு. யாருக்கும் தெரியாது. கூட்டத்துல எவளோ எடுத்துக்கிட்டுப் போயிட்டான்னு நெனப்பாக. அந்தப் பொண்ணு ஒவ்வொரு மஞ்சளா மோந்து பாக்குதய்யா. மோந்து பாத்து மோந்து பாத்து வைக்குது. அவுகம்மா வாசம் இருக்கான்னு. இருளாயி திரும்புறா, அவ மூஞ்சியில ரத்தமே இல்ல, ஆனா குரலு அதே குரலு, தல தீபாவளிக்காரிகிட்ட, "ஒரு நிமிசம்மா, அந்த ஊதாவக் கையில வச்சுக்கங்க, விட்டுறாதீக, அது ஒண்ணுதேன் இருக்கு"ன்னு சொல்லிட்டுத் திரும்புறா. அந்த நேரத்துலயும்! இவளப் போயி நான்

"இருளாயி, டேக் இல்லாத ஒண்ணக் கூடையில போட்டேன்த்தா. நாந்தேன்."

ஏன்னு கேக்கல. கண்ணு இல்லையான்னு கேக்கல. "எப்ப அம்மாச்சி?"ன்னா. "இப்பத்தேன், செல்லையா தூக்கிட்டுப் போயி பத்து நிமிசம்." கேட்டவ மேசையிலருந்து மூணு மஞ்சச் சேலைய அள்ளித் தோள்ல போட்டுக்கிட்டு, பூங்கொடி கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் படியில எறங்குறா. எதுக்கு மூணு சேலைன்னு எனக்கு வெளங்கல. மேசைய விட்டுப் போகக்கூடாது, சீசன்ல மேசைய விட்டா அன்னைக்கே கணக்க முடிச்சு அனுப்பிருவாக, தெரிஞ்சும் நானும் பின்னால போறேன். எல்லாரும் மேல ஏறுறாக, நாங்க மூணு பேருதேன் எறங்குறோம். முட்டி இடிக்குது. என்னத்துக்கு ஓடுறேன், நான் ஓடி என்ன பண்ணப்போறேன். டேக்கு மாட்டியிருப்பாளா? செத்தவுக சேலைக்கு வெல போட்டாச்சா? பாவம் யாருக்கு, மாட்டுனவளுக்கா, போட்டவளுக்கா? எவளாச்சும் வாங்கிட்டுப் போயிருந்தா? ஆட்டோவுல ஏறியிருப்பா, பஸ்ஸுல ஏறியிருப்பா, ஊரு எதுன்னு தெரியாது, தீபாவளி அன்னைக்கி அதக் கட்டிக்கிட்டுப் பணியாரம் சுடுவா. அடுப்படியில யாராச்சும் பின்னாலருந்து முந்தானைய இழுப்பாக. சீ, இப்பவா அந்த நெனப்பு. இந்த நெனப்புதேன் இம்புட்டுக்கும் காரணம். செவரப் பிடிச்சுக்கிட்டு எறங்குடி கெழவி, படியப் பாத்து எறங்கு.

வாசல் மேசையில சேலையக் குமிச்சுருக்காக, சுத்தி ஈ மொய்ச்ச மாதிரி பொம்பளைக. இருளாயி நுழைஞ்சு தேடுறா, இல்ல. அப்பப் பாத்தேன், பக்கத்துல நெலக்கண்ணாடிக்கு முன்னாடி ஒரு அம்மா, அம்பத்தஞ்சு அம்பத்தாறு வயசு, நல்ல ஓங்குதாங்கா, மேலூர்க்காரம்மா, கூட வந்தவகிட்ட பேசுன பேச்சுல ஊரு தெரிஞ்சுருச்சு. மாம்பழ மஞ்சளத் தோள்ல போட்டுக்கிட்டு அங்கிட்டுத் திரும்பி இங்கிட்டுத் திரும்பிப் பாக்குறாக. கக்கத்துல புது டேக்கு ஆடுது. "இங்க பாருடி, ஓரம் தச்சே விக்கிறாக. ஃபால்ஸ் தச்சே! எனக்குத் தையக்கடைக்கு அலையிற வேல மிச்சம். இப்டியில்ல இருக்கணும் கடை. துணி எம்புட்டு மெத்துன்னு இருக்கு பாரு, இப்ப எவன் நெய்யிறான் இது மாதிரி." எனக்கு நெஞ்சு அடைக்குது, சிரிப்பும் வருது, ரெண்டும் ஒண்ணா வந்தா மூச்சு எங்க போகும்? மாடிப்படிக்குப் பக்கத்துல நாகலிங்கம் சாரு கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு, அவரு கண்ணு எங்க மூணு பேரு மேலயும். இப்பத்தேன் தெரிஞ்சுச்சு மூணு சேலை எதுக்குன்னு. இருளாயி மூச்சு வாங்கல, வந்து நின்னா, அந்தம்மா காதுக்குப் பக்கத்துல குனிஞ்சு, "அம்மா, உங்க நெறத்துக்கு இது கொஞ்சம் அடங்கித் தெரியுது. இதப் பாருங்க, இது மேல உங்க மூஞ்சி எப்டி எடுப்பா இருக்குன்னு"ன்னு ஒண்ண விரிச்சா. வேணாம்னாக. ரெண்டாவத விரிச்சா. "நல்லாத்தேன் இருக்கு தாயி, ஆனா எனக்கு இதுதேன்." மூணாவது. அந்தம்மா அத ஏறெடுத்தும் பாக்கல, இந்தச் சேலையத்தேன் விரலால தடவிக்கிட்டே இருக்காக. ரெண்டாந்தடவ இல்ல, பத்தாந்தடவ. மூணு வருசத்துல மொத மொறையா இருளாயி விக்க முடியாம நிக்கிறதப் பாக்குறேன். அந்தச் சேலைய யாரோ அவளுக்கு முன்னாடியே வித்துட்டாக, இல்ல, அதுவே தன்ன வித்துக்கிருச்சு.

பூங்கொடி அசையல. பிடுங்கப்போறான்னு பயந்தேன், அழுகப்போறான்னு பயந்தேன், இன்னும் ஒரு பயம் எனக்கு. செத்தவுக சேலையையா தோள்ல போட்டேன்னு அந்த மேலூர்க்காரம்மா கத்துனா இந்த வீதியே திரும்பிப் பாக்கும், கடை பேரு நாறிரும், இருளாயி அத்தோட சரி. பூங்கொடி அந்தக் கண்ணாடியையே பாக்குறா. "ஒரு நிமிசம்மா"ங்குறா, "அப்டியே நில்லுங்க. எடுத்துராதீக." அந்தம்மா கண்ணாடியிலயே அவளப் பாத்து, "ஏத்தா? என்ன?" இருளாயி நாகலிங்கம் சாரைப் பாத்தா. பாத்துட்டுத் திரும்பிக்கிட்டா. நான் நெனச்சேன் ஏதாச்சும் சொல்லிச் சமாளிப்பான்னு, டேமேஜுன்னு சொல்லலாம், சாயம் போகும்னு சொல்லலாம், எத்தன இல்ல சொல்றதுக்கு. அவ சொன்னா, அதே சின்னக் குரல்ல, "அம்மா, இது கடைச் சேலை இல்ல. இந்தப் புள்ளையோட அம்மா கட்டுனது. அவுக இப்ப இல்ல. படைக்கிறதுக்கு இதே மாதிரி எடுக்கணும்னு கொண்டாந்துச்சு, நாங்க தவறிக் கலந்துட்டோம். எங்க தப்பு." சுத்தி நின்ன ஈயெல்லாம் மொய்க்கிறத நிப்பாட்டுச்சு. மேலூர்க்காரம்மா கையி டேக்குக்குப் போச்சு, டேக்கப் பாத்தாக, சேலையப் பாத்தாக. நான் கண்ண மூடிக்கிட்டேன். இந்தா வருது, இந்தா வருது. "தாலியோட போனாகளா?"ன்னு கேட்டாக. "ஆமாம்மா. அப்பா இருக்காரு." கண்ணத் தெறந்து பாக்குறேன், அந்தம்மா முந்தானையத் தூக்கி ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிறாக. "பூவோட போன மகராசி சேலை எந்தோள்ல வந்து விழுந்துருக்கு. இது யாருக்குக் கெடைக்கும்?" கூட்டத்துல ரெண்டு பொம்பளைக கைய நீட்டித் தொட்டுக் கும்பிடுறாளுக. எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. எஞ் சேலைய அப்டி யாரும் தொடமாட்டாக. புருசனுக்கு முந்திப் போயிருந்தா தெய்வம், பிந்திப் போனா பழந்துணி, இதுல நாம பண்ணுனது என்ன இருக்கு? சரி, இன்னைக்கு அந்த வழக்கம் ஒரு பொண்ண காப்பாத்துச்சு, இன்னைக்கு அத வையமாட்டேன்.

அந்தம்மா சேலையக் கழட்டி ரெண்டு கையாலயும் பூங்கொடிகிட்ட குடுத்தாக. பூங்கொடி வாங்கிக்கிட்டா, வாங்குனவ போகாம நிக்கிறா. "எங்கம்மாவும் உங்கள மாதிரியே இருப்பாக. ஒசரம், இந்தத் தோளு. கண்ணாடியில பாத்தப்ப…" மேலூர்க்காரம்மா அவளையே பாத்தாக. "படைக்கிறதுக்குச் சேலை எடுத்துட்டியா?" "இல்லம்மா. எதுவும் சேரல." "எப்டிச் சேரும்? பலகையில விரிச்சுப் பாத்தா எப்டிச் சேரும்? இந்தா தாயி," இருளாயியப் பாத்து, "கொண்டாந்தீல்ல மூணு, எம்மேல போடு. நான் ஒங்கம்மாவா நிக்கிறேன், நீ பாத்து எடு." இருளாயி ஒரு நொடி திகைச்சா, அப்புறம் போட்டா. தனக்குன்னு விரிச்சப்ப அந்தம்மா திரும்பிக்கூடப் பாக்கல, இப்பக் கழுத்த நிமித்தி, முந்தானைய இழுத்து இடுப்புல சொருகி, நிக்கிறாக பாருங்க. மொதச் சேலைக்குப் பூங்கொடி தலைய ஆட்டுனா, இல்லன்னு. ரெண்டாவது, அரைச்ச மஞ்சள், கரை மாந்தளிரு, அந்தப் பழைய சேலை மாதிரியே இல்ல. "இது"ன்னா. "கலரு வேறயில்லடா?"ன்னா இருளாயி. "பரவாயில்லக்கா. அம்மா இதத்தேன் எடுத்திருப்பாக." மேலூர்க்காரம்மா சிரிச்சாக, "ஒங்கம்மாவுக்கு நல்ல ரசன." எல்லாருக்கும் சிரிப்பு, பூங்கொடிக்குந்தேன், மூக்க உறிஞ்சிக்கிட்டே சிரிக்கிறா. அப்புறம் அந்தம்மா இருளாயி கையப் பிடிச்சு, "பொய் சொல்லியிருக்கலாம்ல நீ. சாயம் போகும்னு சொல்லியிருந்தா நான் பாட்டுக்குப் போட்டுட்டுப் போயிருப்பேன்"ன்னாக. "உங்ககிட்ட முடியலம்மா"ன்னா இருளாயி. மூணாவத அந்தம்மாவே எடுத்துக்கிட்டாக, தனக்குன்னு.

நாகலிங்கம் சாரு வந்து நின்னாரு. கூட்டத்துக்குக் கேக்காம, "யாரு கூடையில போட்டது?" "என் மேசை சார். என் தப்பு." அவ முடிக்கல, நான் உள்ள நொழஞ்சுட்டேன், "அவ இல்ல சார், நாந்தேன். எனக்கு நெனப்பு எங்கிட்டோ போயிருச்சு. அவளுக்கு ஒண்ணுமே தெரியாது, நான் சொல்லித்தேன் தெரியும்." "நீங்க சும்மா இருங்க அம்மாச்சி." "நீ சும்மா இருத்தா. இத்தன வருசம் சும்மா இருந்துட்டேன் நான்." அவரு என்னப் பாத்தாரு, அவளப் பாத்தாரு, வாசல்ல நெரியிற கூட்டத்தப் பாத்தாரு. கர்ச்சீப்ப எடுத்துப் பொடனியத் தொடச்சாரு. "டேக் இல்லாதது எதுவா இருந்தாலும் இனிமே இருளாயி பாத்துட்டுத்தான் கூடைக்குப் போகணும். எல்லா மாடிக்கும். எழுதி ஒட்டிருவோம்." ரெண்டு எட்டு வச்சவரு திரும்புனாரு. "இன்சார்ஜு பேப்பர்ல முதலாளி நேத்தே கையெழுத்துப் போட்டுட்டாரு. அத மாத்தச் சொல்லி மறுபடி போயி நிக்க எனக்கு இப்ப நேரமில்ல. போங்க, மேசையில ஆளு இல்ல." போயிட்டாரு. திட்டுனாரா, பாராட்டுனாரா, என்னப் பத்தி ஒண்ணும் சொல்லலையே, அப்ப நான் இருக்கேனா இல்லையா? போங்கன்னு பன்மையிலதேன சொன்னாரு. போங்கன்னா ரெண்டு பேரும்தேன். பன்மையிலதேன் சொன்னாரு.

ஏறுறோம். ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல படி திரும்புற எடத்துல இருளாயி நின்னா. "அம்மாச்சி, இப்டி என்ன மறைச்சு நில்லுங்க." என்னான்னு கேக்குறதுக்குள்ள படியில உக்காந்துட்டா. உக்காந்து கைய ரெண்டையும் மடியில வச்சுக்கிட்டா. கை நடுங்குது. சேலைய விரிச்சா தண்ணியில விரிச்ச மாதிரி விரியுமே, அந்தக் கை, வெரலு வெரலா நடுங்குது. "அந்தம்மா கத்தியிருந்தா என்ன பண்ணியிருப்போம்?"னு கேக்குறா, எங்கிட்டயா, யாருகிட்டயான்னு தெரியல. "அந்தப் புள்ள சேலை கெடைக்காமப் போயிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன் அம்மாச்சி?" நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன் இவளுக்குப் பயமே கெடையாதுன்னு. மூணு வருசமா அதப் பாத்துத்தேன் ஆச்சரியப்பட்டுக்கிட்டு இருந்தேன். எம்புட்டு முட்டாளு நான். பயம் இல்லாதவ செஞ்சா அதுல என்ன இருக்கு? எனக்கு ஏதாச்சும் சொல்லணும்னு இருந்துச்சு, பெருசா, ஆனா வாயில வந்ததெல்லாம் அந்தத் தங்கம் கதைதேன், அத இப்பச் சொன்னா படியிலருந்து தள்ளிவிட்டுருவா. சேலை முந்தானைய விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், ரெண்டு பக்கமும் ஜனம் ஏறுது, பையோட, பிள்ளையோட, ஒரு ஆளு "நகருங்கம்மா"ங்குறாரு, "நீ சுத்திப் போப்பா"ன்னேன். போனாரு. நடுக்கம் நின்னபாடில்ல. மேலருந்து ஒரு பொம்பளக் குரலு, "ஏம்மா, இந்த மேசையில யாருமே இல்லையா? இந்த ஊதா எம்புட்டு நேரமாக் கையில வச்சிருக்கேன்!" "இந்தா வந்துட்டேம்மா, விட்டுறாதீக, உங்களுக்காகத்தேன் வச்சிருக்கேன்." இருளாயிதேன். அதே குரலு, சின்னதா, தெளிவா. எந்திரிக்கிறதுக்கு முன்னாலயே குரலு மேல போயிருச்சு. அவ இன்னும் படியிலதேன் உக்காந்திருக்கா.